ஆயிரம் லிட்டர்

"லிட்டர்னா என்ன? எந்திரிச்சுச் சொல்லு!" என்று ஒருமுறை வகுப்பில் அவளைக் கேட்டார் கணக்கு வாத்தியார். பதில் தெரிந்தும் வாய் வரவில்லை. "மண்ணாங்கட்டி!" என்றார். அன்றோடு பள்ளியை விட்டாள்.

இன்று, வேலை பார்க்கும் வீட்டில் அவளுக்குக் கையே ஓடவில்லை. பலகைத் தளம் போட்ட மாடியில் புது பிளாஸ்டிக் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. நேர் கீழே கைக்குழந்தை தூங்கியது.

"ஐயா, குழாயை மூடுங்க. பலகை தாங்காது."

"போம்மா! தொட்டியை ஒத்தை ஆளாத் தூக்கிட்டு வந்தவன் நான்," என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

"அது காலித் தொட்டிங்க. நீளம், அகலம், உயரம் பத்து பத்து சென்டிமீட்டர்னா ஒரு லிட்டர். ஒரு கிலோ தண்ணி. இது எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர். ஆயிரம் கிலோ!"

"உனக்கு யாரு இதெல்லாம் சொன்னா?"

"அன்னிக்கு நீங்க கேட்டதுதான் சார். இப்பதான் வாய் வந்துச்சு."

வாத்தியார் குழாயை மூடினார். பேரனைத் தூக்கக் கீழே இறங்கிப் போனார்.