பக்கத்து ஊர் வகுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் அசீனா இராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். ஆனாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் ஜன்னலோரம் உட்கார அவளுக்குப் பயமாகவே இருந்தது.

அவள் எழுதிக் கொடுத்த விடைத்தாளைத் திருத்திவிட்டு, வகுப்பு நடத்தும் பார்த்தா சார் நிமிர்ந்தார். "கிராமர்ல ஒரு தப்புகூட இல்லம்மா. ஆனா பேசச் சொன்னா வாயத் தொறக்க மாட்டேங்கீங்க."

"வாயத் தொறந்தாலே ரூல்தான் முன்னால வந்து நிக்கி சார். அது சரியான்னு யோசிக்கதுக்குள்ள பேச்சு நின்னு போயிருது."

"ரூலை மட்டுமே படிச்சு வந்தவங்களுக்கு அப்படித்தான். ஆரம்ப பேட்ச்ல உக்காருங்க. கூச்சப்படாம தப்பும் தவறுமாப் பேசிப் பழகுங்க."

"யாருக்கும் தெரியக் கூடாது சார். வேலைக்கே வினையாயிரும்."

ஆரம்ப பேட்ச் அறையில் ஒருவர் மட்டும், வகுப்புக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அசீனாவைப் பார்த்ததும் பதறி எழுந்தார். தப்பிக்க வேறு வாசல் இல்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை மெல்ல ஏற்றினார். முகத்தைப் பார்த்ததும் அசீனா வாசலை நோக்கி இரண்டடி பின்வாங்கினாள்.

அவர் தணிந்த குரலில் சொன்னார்: "டீச்சர், நீங்க நம்ம ஸ்கூல்ல பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறத நான் மறந்திருதேன். நான் ஒங்க ஹெட்மாஸ்டர்ங்கிறத நீங்க மறந்திருங்க."