அண்ணன் முதுகில் டேங்க்

"அதோ, அடிக்கிறான் பாருங்க மேடம்! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

தம்பி வரப்பில் நின்று விரலை நீட்டினான். மேட்டு நிலத்தில் அண்ணன் மும்முரமாக மருந்தடித்துக்கொண்டிருந்தான். முதுகில் மண்டையோட்டுப் படம் போட்ட நீல டேங்க், கையில் ரப்பர் உறை, மூக்கை இறுக்கிக் கட்டிய துண்டு.

வந்திருந்தவர் சான்றிதழ் அதிகாரி. இது இயற்கை விவசாயம்தான் என்று முத்திரை கொடுப்பது அவர் வேலை. அந்த முத்திரைக்காகத் தம்பி மூன்று வருஷமாக நாயாய்ப் பேயாய் உழைக்கிறான். கிடைத்தால் நகரத்துக் கடை தக்காளியை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வில்லங்கம் கிணற்றில் இருந்தது. இரண்டு நிலத்துக்கும் ஒரே கிணறு, இரண்டு மோட்டார். அண்ணனுடையது மேடு, தம்பியுடையது பள்ளம். மேட்டில் எதைத் தெளித்தாலும் மழையோடு இறங்கி நேரே கிணற்றுக்குத்தான் வரும். முதல் வருஷம் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது.

"தண்ணி ரிப்போர்ட் வந்திருக்கு. அதை முதல்ல..." என்று அதிகாரி கோப்பைத் திறந்தார்.

"ரிப்போர்ட் கிடக்கட்டும் மேடம், முதல்ல அந்த டேங்க்கைப் பாருங்க!" தம்பி விடுவதாக இல்லை. "நான் இங்க சாணியும் மூத்திரமும் மாவும் வெல்லப்பாகும் கலந்து, வாரம் ஒரு ட்ரம் கரைசல் போடறேன். அதுலயும் பாதி வெயில்லயே வத்திப்போகுது. மூடி போடலன்னு வீட்டுக்காரிகிட்ட தினம் சண்டை. இவ்வளவு பாடுபடறேன், மேல நின்னு இந்த ஆளு விஷத்தை ஊத்தறான்!"

அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும். துண்டைக் கீழே இறக்காமலே கத்தினான்.

"என் நிலம், என் டேங்க். உனக்கென்னடா வலிக்குது?"

"கிணறு என்னுது!"

"பாதி என்னுது. உன் பாதியில மீன் வளத்துக்க, போ!"

மூன்று வருஷமாக இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் இந்த லட்சணத்தில்தான். தம்பி கரைசல் ட்ரம்மை வாங்கி வந்த அன்றே கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் அண்ணன் மீசையை முறுக்கிச் சொன்னான்: "அந்தச் சாணித் தண்ணி ஒரு சொட்டு என் நிலத்துல விழுந்தா, பாதி மீசையை எடுத்துட்டு இதே தெருவுல நடக்கறேன்!" சும்மா சொல்லக்கூடாது, மீசையும் அப்படிப்பட்ட மீசை. தினமும் கால் மணி நேரம் கண்ணாடி முன் நின்று சீவி வளர்த்தது.

தம்பி வரப்பைத் தாண்டி ஓடினான். டேங்க்கின் குழாயைப் பிடித்து இழுத்தான். அண்ணன் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். தம்பி சேற்றில் உட்கார்ந்தான், எழுந்தபோது கையில் மண்வெட்டி இருந்தது.

"வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன். என் புள்ளைங்க நல்ல தண்ணியாவது குடிக்கட்டும்!"

"ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா!" அதிகாரி ஓடிவந்து நடுவில் நின்றார். மூச்சு வாங்கியது. "தண்ணி சுத்தமா இருக்கு. பூச்சிக்கொல்லி துளிகூட இல்ல. போதுமா?"

முத்திரை கிடைத்த மாதிரிதான். வேறொருவனாக இருந்தால் குதித்திருப்பான். தம்பிக்கு அண்ணன் மேல் இருந்த வெறுப்பு அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விடவில்லை.

"அப்ப உங்க ரிப்போர்ட்தான் தப்பு. இவன் வாரா வாரம் அடிக்கிறதை என் கண்ணால பாக்கறேன். தண்ணி எப்படி மேடம் சுத்தமாகும்? திரும்ப எடுங்க!"

"ரெண்டு தடவை பாத்தாச்சு." அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், பிறகு மேட்டைப் பார்த்தார். "ஆனா நீங்க கேக்கறதும் நியாயம்தான். பள்ளத்துல நீங்க ஒருத்தர் மட்டும் மருந்தை நிறுத்தினா இந்தக் கிணறு இப்படித் தெளியாது."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "டேங்க்கை இறக்குங்க."

"தொடாதீங்கம்மா. விஷம்." அண்ணன் இரண்டடி பின்னால் போனான். இதுவரை இருந்த முறைப்பு முகத்தில் இல்லை.

"பாத்தீங்களா, பயப்படறான்!" என்றான் தம்பி.

அதிகாரி அண்ணனின் முதுகுப் பக்கம் போய் மூடியைத் திருகினார். மூடி கழன்றதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்.

தம்பிக்குக் கைக்குட்டை தேவைப்படவில்லை. மூன்று வருஷமாக அவன் சட்டையிலும் சோற்றிலும் தலையணையிலும் இருக்கிற நாற்றம் அது. மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

அண்ணன் ரப்பர் உறையைக் கழற்றினான். துண்டை இறக்கி, மீசையின் ஒரு பாதியைக் கையால் மூடிக்கொண்டான். தம்பியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துச் சொன்னான்.

"இந்த வாரம் வெல்லப்பாகு கம்மியா போட்டிருக்கடா."