சுத்தமான திரை

திரை துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. காதில் ஹெட்போனோடு அதைப் பார்த்தபடி, அண்ணன்காரர் மோர்ஸ் தந்திக் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தார். அமெச்சூர் வானொலிக்காரர்களின் உலகப் போட்டி அது. யார் அதிகம் பேரைத் தொடர்பு கொள்கிறார்கள் என்று பந்தயம்.

அந்தத் திரையை ஓட்டும் மென்பொருளே அவர் எழுதியதுதான். முன்பெல்லாம் போட்டிக்கு ஒதுக்கிய அலைவரிசை எல்லைக்கு வெளியே கேட்ட நிலையங்களும் அதில் வந்து குவியும். அவசரத்தில் அதைத் தொட்டு, எல்லை தாண்டிக் கூப்பிட்டு, போட்டியை விட்டே வெளியே போனவர்கள் உண்டு.

புதுப் பதிப்பில் அந்தக் குப்பையெல்லாம் வாசலோடு சரி. உபயோகிப்பவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பழைய பதிப்பை விடவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே ஒரு நண்பருக்குப் 'பஞ்சாங்கம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

"உங்க தம்பி கடல்ல என்ன ஆனார்னே தெரியலை. உங்களுக்கு இப்ப விளையாட்டு கேக்குதா மாமா?"

தம்பி மனைவி கதவருகே நின்றிருந்தாள். கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. தனியாகப் பாய்மரப் படகில் போன தம்பியிடமிருந்து புயலுக்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. தேடப் போன படகுகளும் கையை விரித்துவிட்டன.

"விளையாடலைம்மா. அவனைத்தான் தேடறேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். மற்ற நாளில் வானொலியில் ஈ காக்கை இருக்காது. போட்டி என்றால் உலகமே காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். ஆளில்லாமல் தானே கேட்கும் கருவிகளும் ஊருக்கு ஊர் உண்டு. யாருடைய சத்தம் எங்கே கேட்டாலும் அவர் பெயர் எல்லார் திரையிலும் வந்து விழும்.

"அவர்கிட்ட இருக்கறது ஓட்டை ரேடியோவாச்சே. பேட்டரி இறங்கினா வச்ச அலைவரிசையில நிக்காதுன்னு திட்டிட்டே இருப்பார்."

"பேரை மட்டும் தட்டினாப் போதும். யாராவது ஒருத்தர் காதுல விழும்."

அவளுக்கு அரை மனசாக நம்பிக்கை வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை போனது. முன்பின் தெரியாத பெயர்கள் திரையில் ஏறின, இறங்கின. காபி ஆறி ஏடு கட்டியது. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதையும் விட்டுவிட்டாள்.

மத்தியானம் போட்டி முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். தம்பி இனி இல்லை என்பதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"விடுங்க மாமா," என்று அவளே சொன்னாள். "இருந்திருந்தா கூப்பிட்டிருப்பார்."

அப்போது போன் அடித்தது. பஞ்சாங்கம். பேசத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டார். நண்பரின் குரலில் சந்தோஷம் வழிந்தது.

"என்னப்பா, நீ அவன்கூடப் பேசிட்டிருப்பே, குறுக்க வரக் கூடாதுன்னுதான் நேத்து கூப்பிடலை. எல்லைக்கு வெளியே, சிவப்பு எழுத்துல, நாள் பூரா உன் தம்பி பேர்தானே!"

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவர் கண் சுத்தமான திரையை விட்டு நகரவில்லை.

"இன்னிக்குக் காலையிலேருந்து காணோம். கரை சேர்த்துட்டீங்க, இல்ல?"