நீக்க ஒரு வரி

முன்னாள் அமைச்சர் பரஞ்சோதி காலையில் இறந்தார். நாற்பது வருடம் அவர் கையில் இருந்து எல்லாவற்றையும் குறித்துவந்த கடிகாரம், பத்து மணிக்குள் அவருடைய இரங்கல் செய்தியை எழுதி எங்கள் நாளிதழுக்கு அனுப்பிவிட்டது. கடிகாரம் எழுதியதில் குடும்பத்தார் ஒரே ஒரு வரியை நீக்கலாம் என்பது சட்டம்.

அவர் மனைவி கோமளவல்லியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருச்சியில் அமைச்சருக்கிருந்த இன்னொரு குடும்பத்தைப் பற்றிய வரியை நானே பென்சிலால் அடித்து வைத்திருந்தேன்.

அந்த அம்மா அதைத் தாண்டிப் போய்க் கடைசி வரியில் விரல் வைத்தார். ‘மனைவியிடம் பேசியது, நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு நிமிடம்.’

“இத எடுத்துடுங்க தம்பி.”

“அப்ப திருச்சி விஷயம் அப்படியே வந்துடுமேம்மா?”

“அது ஊருக்கே தெரியும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்.”