நிற்காத சக்கரம்

மில்லின் பெரிய சக்கரம் ஒரு வாரமாக அதிர்ந்தது. அதைப் பார்க்க மேனேஜர் வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியனை வரவழைத்திருந்தார். அவன் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கு.

"இதுல என்னய்யா தெரியும்?" என்றார் ஃபோர்மேன்.

"சக்கரம் ஒரு சுத்து வர்றப்போ இந்த விளக்கு ஒரு தடவை மின்னும்ணே. ஒவ்வொரு மின்னலுக்கும் சக்கரம் அதே இடத்துல இருக்கும். அதனால நிக்கிற மாதிரியே தெரியும். விரிசல் இருந்தா மாட்டிக்கும்."

"ஓடுறது எப்படிய்யா நிக்கும்? சார், இவன் உங்க தலையில மிளகாய் அரைக்கிறான். போல்ட்டை இறுக்கினா சரியாயிடும்."

"இருய்யா," என்றார் மேனேஜர். "போன வருஷம் நீ ரிப்பேர் பண்ணி ஓட்டிவிட்டதிலேர்ந்து இது நிக்கவே இல்லை. நிறுத்தாம பாத்துடலாமே. ரிட்டயர் ஆகிற உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேலை கொடுக்கலாம்னு இன்னைக்குத்தான் எழுதப்போறேன். அடம் பிடிக்காதே."

"வெளிச்சம் பட்டா கண்ணு போயிடும் சார். நீங்க ஆபீஸ்ல உக்காருங்க, நான் பாத்துச் சொல்றேன்," என்றார் ஃபோர்மேன்.

மேனேஜர் நகரவில்லை. டெக்னீஷியன் விளக்கைப் போட்டுக் குமிழைத் திருகினான். வெளிச்சம் படபடவென்று மின்னியது. இரைச்சல் குறையவில்லை, சக்கரம் மட்டும் அசையாமல் நின்றது. விரிசல் இல்லை. வெள்ளைப் பெயிண்டில் எழுத்துதான் இருந்தது. மேனேஜர் வாய்விட்டுப் படித்தார்.

"மேனேஜர் ஒரு தண்டச்சோறு."

ஃபோர்மேன் முந்திக்கொண்டார். "எவன் எழுதினானோ சார்! எனக்கு எழுத எங்கே வரும்? கையெழுத்து போட மட்டும்தான் தெரியும்."

டெக்னீஷியன் விளக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனான்.

"கீழே அதுவும் இருக்கு சார்."