தாய்மாமன் மடி

ஏகாம்பரம் தன் போட்டோ ஸ்டுடியோவில், வாடிக்கையாளர்கள் படத்திலிருந்து தூக்கச் சொல்லும் சொந்தக்காரர்கள் யாரையும் டெலிட் செய்வதில்லை. கம்ப்யூட்டரில் படத்தின் மேல் லேயர் மாஸ்க் என்ற திரையைப் போட்டுக் கறுப்பு பிரஷ்ஷால் தடவி மறைத்துவைப்பார். சண்டை தீர்ந்ததும் வெள்ளை பிரஷ்ஷால் தடவினால், ஆள் அலுங்காமல் திரும்பி வந்துவிடுவார்.

அன்று வந்த சௌந்தரபாண்டி, மகனின் காதுகுத்துப் படத்திலிருந்து மனைவியின் தம்பியைத் தூக்கச் சொன்னார். “பிரியாணியில உப்பு இல்லன்னு பந்தியில கத்துறாண்ணே!”

ஏகாம்பரம் தடவினார். முறுக்குமீசை போனது, மாலை போனது, பட்டுவேட்டி போனது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை அந்தரத்தில் உட்கார்ந்து அழுதது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவார்கள்! இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

அடியில் ஒரு சிம்மாசனம் போட்டார். நாடகக் கம்பெனி போல இருந்தது. தாமரைப்பூ போட்டார். காலண்டர் சாமியாகிவிட்டது.

“சரி, மடி மட்டும் இருக்கட்டும்ணே.”

வெள்ளை பிரஷ்ஷில் மடி வந்தது. பிள்ளையைப் பிடிக்கக் கைகள் வந்தன. கைகளுக்காகத் தோள் வந்தது. கழுத்தோடு நிறுத்தினார்.

தலையில்லாத உடம்பைப் பார்த்துச் சௌந்தரபாண்டி அலறினார். “ஐயோ, தலையப் போட்டுருங்க! அந்த மீசை மட்டும் வேணாம்.”

தலை வந்தது. மீசை இருந்த இடத்தில் தோல் நிறத்தை வைத்து ஒட்டினார் ஏகாம்பரம். மழமழவென்ற அந்த முகத்தில் அச்சு அசலாகச் சௌந்தரபாண்டியின் மனைவி முறைத்துக்கொண்டிருந்தாள்.

“மீசையப் போட்டுருங்கண்ணே,” என்றார் சௌந்தரபாண்டி, எழுந்து நின்று.