விதிவிலக்கு

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் சர்வர் திக்குமுக்காடிக்கொண்டிருந்தது.

வேலை வெட்டி இல்லாத எந்தப் புண்ணியவானோ, ஊராரின் வீட்டுக் கேமராக்களையெல்லாம் கைவசப்படுத்தி, அவற்றிலிருந்து அர்த்தமில்லாத தரவுப் பாக்கெட்டுகளைச் சர்வர்மீது ஏவிவிட்டிருந்தான். அந்த நெரிசலில் உண்மையான அழைப்பு ஒன்றுகூட உள்ளே நுழைய முடியவில்லை.

அந்தச் சர்வரைக் காப்பது அவள் வேலை; ஆபீசில் அவளுக்கு வாட்ச்மேன் என்று பட்டப்பெயர். விடுப்பில் இருந்தவள், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் வந்திருந்தாள்.

காவல் மென்பொருளான ஃபயர்வால் வரைக்கும் விடுவதே தப்பு. அது ஒவ்வொன்றாக விசாரித்து முடிப்பதற்குள் சர்வருக்கு நாக்குத் தள்ளிவிடும். சர்வரை இயக்கும் மென்பொருளின் மையமான கெர்னலின் வாசலில், பாக்கெட்டுகள் வந்து நிற்கும் முதல் வரிசையிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும்.

குப்பை முழுக்க ஒரே இணைய நிறுவனத்தின் முகவரிகளிலிருந்து வந்தது. அவள் வீட்டு இணைப்பும் போன் இணைப்பும் அதே நிறுவனம்தான். அந்த முகவரிகளை மொத்தமாகத் தடுக்கும் விதியைப் போட்டால் அவளும் வெளியே.

இப்படிப்பட்ட நேரத்தில் தன் முகவரிக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதிக்கொள்ள வேண்டும். மறந்துபோய்த் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. ஆயுசுக்கும் கிண்டல்தான்.

போனில் இருந்த சக ஊழியர் பதறினார்.

“உங்க அட்ரஸை மட்டுமாவது விட்டு வைங்க மேடம்! அப்புறம் உங்களால உள்ளயே வர முடியாது.”

“தெரியும். வேண்டாம்.”

என்டரைத் தட்டினாள்.

திரை அப்படியே நின்றுவிட்டது. மையத்தில் அழைப்பு மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கத் தொடங்கியது போனில் கேட்டது. அவர் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தாள்.

ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. அதே போனில் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்திக்கொண்டே பக்கத்து அறைக்கு ஓடினாள்.

கட்டிலில் கணவன் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தான். நாத்தனார் அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை எத்தனை முறை அழுத்தியும் போகாத அழைப்பு இப்போது போனது. அவர்களுக்கு முன்னால் பதினான்கு பேர் காத்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.

அவளுடைய எண்ணை அத்தனை பேருக்கும் முன்னால் நிறுத்த, சர்வரில் ஒரே ஒரு வரி போதும்.

உள்ளே போக வழி இருந்திருந்தால், அந்த வரியை எழுதியிருப்பாள்.